அந்தத் தகரப் பெட்டிகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்

தமிழ்ப் படத் தயாரிப்பாளர்களுக்கும், அவர்களுடைய பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும்

வணக்கம்.

சென்னையில் ஒரு ஃபிலிம் லேபில் 19 வருடம் நெகட்டிவ் கட்டிங் பிரிவில் வேலை பார்த்தவன் நான். எடிட்டர் பாசிட்டிவில், அதாவது நெகட்டிவிலிருந்து போட்ட பிரிண்டில், வெட்டி ஒட்டி முடித்ததைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஓரத்தில் இருக்கும் எட்ஜ் நம்பரை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, அசல் நெகட்டிவை அதே மாதிரி வெட்டிச் சேர்ப்பது எங்கள் வேலை. பாசிட்டிவில் தப்பாக வெட்டினால் இன்னொரு பிரிண்ட் போட்டுக்கொள்ளலாம். நெகட்டிவில் அந்தப் பேச்சே கிடையாது. தும்மல் வந்தால்கூட எழுந்து வெளியே போய்த் தும்மிவிட்டு வருவோம். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எடுத்த படங்களில் சிலவாவது என் கை வழியாகப் போயிருக்கும். அந்த உரிமையில், உங்கள் வீட்டில் கிடக்கும் பழைய ஃபிலிம் பெட்டிகளைப் பற்றி இதை எழுதுகிறேன்.

போன வருடம் தி. நகரில் ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். பெயர் வேண்டாம். கறுப்பு வெள்ளைக் காலத்தில் படம் எடுத்த ஒருவரின் வீடு. அவர் காலமாகிப் பல வருடம் ஆகிவிட்டது. வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டக் கொடுத்திருந்தார் மகன். மாடிப்படிக்கு அடியில் பழைய பாத்திரம், உடைந்த மின்விசிறியோடு சேர்ந்து 16 தகரப் பெட்டிகள் கிடந்தன. துருப்பிடித்து, மூடியில் படப்பெயர் எழுதிய காகிதம் பாதி உதிர்ந்து.

"இதெல்லாம் எப்பவோ டிஜிட்டல் பண்ணியாச்சுண்ணே. டி.வி.க்குக் கொடுக்கும்போதே பண்ணிட்டாங்க. இனி இதை வச்சு என்ன பண்றது? காயலான் கடைக்காரர் கிலோ கணக்குல எடுத்துக்கறேன்னு சொல்றார். அதுக்கு முன்னால உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலாம்னு" என்றார்.

அந்த டிஜிட்டல் நகலைக் காட்டச் சொன்னேன். பீரோவிலிருந்து டிஜி பீட்டா என்ற, டி.வி. நிலையங்கள் பயன்படுத்திய வீடியோ கேசட் ஒன்றை எடுத்து வந்தார். தொண்ணூறுகளில் சாட்டிலைட் உரிமை விற்கும்போது, ஓடி ஓடித் தேய்ந்த ஏதோ ஒரு பிரிண்டிலிருந்து டெலிசினி செய்து, அதாவது ஃபிலிமை வீடியோவாக மாற்றி எடுத்தது. அதில் படத்துக்கு உயரவாக்கில் 576 கோடுதான் உண்டு. இன்று வீட்டுச் சுவரில் மாட்டும் சாதாரண டி.வி.யிலேயே 1080 கோடு இருக்கிறது. 35 எம்.எம். நெகட்டிவை 4கே-யில் ஸ்கேன் செய்தால் 3000 கோட்டுக்கு மேல் கிடைக்கும். யூடியூபில் நாம் பார்க்கும் பழைய படங்களில் பெரும்பாலானவை இந்த மாதிரிக் கேசட்டிலிருந்து வந்தவைதான். முகமெல்லாம் வெளுத்து, இருட்டுக் காட்சியில் ஒன்றுமே தெரியாமல், எழுத்து ஓரத்தில் வெட்டுப்பட்டு. அதைப் பார்த்துவிட்டு "அந்தக் காலத்துப் படம் இப்படித்தான் இருக்கும்" என்று நம் பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். அந்தக் காலத்துப் படம் அப்படி இருந்ததே இல்லை.

சரி, பெட்டியைத் திறந்தோம். இரண்டில் வினிகர் வாடை மூக்கைத் துளைத்தது. ஃபிலிம் சுருங்கி, ஓரம் அலை அலையாக நெளிந்திருந்தது. மீதிப் பதினான்கும் நன்றாக இருந்தன. அத்தனை வருட வெயிலையும் மழையையும் படிக்கட்டுக்கு அடியில் தாண்டி வந்திருந்தன. மூன்றாவது ரீலில் கொஞ்சம் பிரித்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன். நெகட்டிவில் தலைமுடி வெள்ளையாக, பல் கறுப்பாகத் தெரியும், பழகாதவருக்கு ஒன்றும் புரியாது. அவர் தன் போனில் நிறத்தைத் திருப்பிக் காட்டும் வசதியைப் போட்டுக் கேமராவை அருகில் கொண்டுவந்தார். ஒரு கூடம். நடுவில் கதாநாயகி. பின்னால் இருட்டில் தூண், தூணுக்குப் பக்கத்தில் ஓர் ஊஞ்சல். கேசட்டில் அந்த இடம் முழுக்க ஒரே கறுப்பு. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "இது எங்க வீட்டுக் கூடம்ணே. எங்க பாட்டி ஊஞ்சல்" என்றார். செலவு மிச்சம் பிடிக்க அப்பா சொந்த வீட்டிலேயே படம் பிடித்திருக்கிறார். மகனுக்கு அதுவரை தெரியாது.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். உங்கள் வீட்டிலோ கிடங்கிலோ இருக்கும் நெகட்டிவ்தான் படம். மற்ற எல்லாம் அதன் நகல். நகல் எடுத்தாகிவிட்டது என்பதற்காக அசலைத் தூக்கிப் போடாதீர்கள்.

நாம் ஏற்கெனவே இழந்தது போதும். மோட்டார் உதிரி பாகம் விற்றுக்கொண்டிருந்த நடராஜ முதலியார், சென்னையில் சொந்தமாக ஸ்டூடியோ போட்டு எடுத்த 'கீசக வதம்' தென்னிந்தியாவின் முதல் கதைப் படம். இன்று அதில் ஓர் அடி ஃபிலிம்கூட இல்லை. 1931 அக்டோபர் 31 அன்று வெளியான 'காளிதாஸ்' தமிழின் முதல் பேசும் படம். டி.பி. ராஜலக்ஷ்மி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் பதில் சொன்ன படம். அதுவும் இல்லை. அதே ராஜலக்ஷ்மி 1936-இல் தானே இயக்கிய 'மிஸ் கமலா' இல்லை. எம்.ஜி.ஆர். முதன்முதலாகத் திரையில் தோன்றிய 'சதி லீலாவதி' இல்லை. எம்.ஜி.ஆருக்கு இந்த ஊரில் எத்தனை சிலை! அவர் முதலில் நடித்த அந்தச் சில நிமிடங்களைப் பார்க்க நமக்கு வழியில்லை. பாட்டுப் புத்தகமும் விளம்பரமும் கிடைக்கின்றன. பாட்டுப் புத்தகத்தை ரோஜா முத்தையா நூலகத்தில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். படத்தைத்தான் யாரும் வைக்கவில்லை.

தப்பிய படங்களின் கதையைப் பாருங்கள், அதில் பாதி தற்செயல். 1939-இல் வந்து பிரிட்டிஷ் அரசு தடை செய்த 'தியாக பூமி' இன்று இருப்பதற்குக் காரணம் புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் ஒரு பிரதி தங்கியதுதான். மலையாளத்தின் மௌனப் படமான 'மார்த்தாண்ட வர்மா' பிழைத்தது இன்னும் விசித்திரம். நாவலைப் பதிப்பித்தவர்கள் வழக்குப் போட, பிரதி பதிப்பகத்தாரிடமே போய் முடங்கிவிட்டது. பல வருடம் கழித்து, புனே காப்பகத்தை உருவாக்கிய பி.கே. நாயர் அதைத் தேடிப் பிடித்துப் புனேவுக்குக் கொண்டுபோனார். வழக்கு இல்லாதிருந்தால் அந்தப் பிரதியும் காயலான் கடைக்குப் போயிருக்கும். வெள்ளி உருக்குவதற்காகவே நம் நாட்டில் எவ்வளவோ ஃபிலிம் கழுவப்பட்டது. கறுப்பு வெள்ளை ஃபிலிமில் படத்தைத் தாங்கி நிற்பதே வெள்ளித் துகள்தான். நம் படங்களுக்கு அதுவே எமனாகிவிட்டது.

"அதான் இப்ப ஹார்ட் டிஸ்க் இருக்கே" என்று கேட்பீர்கள். கணக்கைப் பார்ப்போம். நொடிக்கு 24 ஃபிரேம். மூன்று மணி நேரப் படத்தில் 2,59,200 ஃபிரேம். 4கே ஸ்கேனில் ஒரு ஃபிரேமுக்குச் சுமார் 50 எம்.பி. ஆகும். மொத்தம் 13 டெராபைட். அதையும் ஒரே டிஸ்க்கில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது. ஹார்ட் டிஸ்க் சில வருடத்தில் எப்போது வேண்டுமானாலும் நின்றுபோகும். அதற்காக எல்.டி.ஓ. என்ற, கணினித் தகவலைச் சேமிக்கும் டேப்பில் ஏற்றுகிறார்கள். ஆனால் புதிய டேப் இயந்திரம் மிஞ்சினால் தனக்கு ஒன்றிரண்டு தலைமுறை முந்தைய டேப்பைத்தான் படிக்கும். ஆகவே சில வருடத்துக்கு ஒரு முறை எல்லாவற்றையும் புதிய டேப்புக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு சுற்று விட்டுப்போனால் போனதுதான். உங்கள் கல்யாண வீடியோ கேசட் பீரோவில் இருக்கும். அதைப் போட்டுப் பார்க்க வி.சி.ஆர். வீட்டில் இருக்கிறதா?

ஃபிலிம் அப்படி இல்லை. விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் படம் தெரியும். நூறு வருடம் கழித்து வருகிறவனும் ஒரு விளக்கும் லென்ஸும் வைத்து அதைப் பார்த்துவிடுவான். ஸ்கேனர்கள் பத்து வருடத்துக்கு ஒரு முறை மேம்பட்டுக்கொண்டே இருக்கின்றன. அசல் கையில் இருந்தால் ஒவ்வொரு முறையும் முன்பைவிட நல்ல நகல் எடுக்கலாம். அசலைக் குப்பையில் போட்டவருக்கு, எடுத்த அன்று இருந்த தரத்தோடு கதை முடிந்தது.

கெட்டுப்போன நெகட்டிவைக்கூடப் போடக் கூடாது என்கிறேன். வங்க இயக்குநர் சத்யஜித் ராய் அப்பு என்ற பையனின் வாழ்க்கையை வைத்து எடுத்த மூன்று படங்களின் அசல் நெகட்டிவ்களும் 1993-இல் லண்டனில் ஒரு லேபில் நடந்த தீ விபத்தில் மாட்டிக்கொண்டன. கருகி, ஒட்டி, எந்த இயந்திரத்திலும் ஏறாத நிலை. அமெரிக்காவில் ஆஸ்கர் அகாடமியின் ஆவணக் காப்பகத்தார் அதை அப்படியே எடுத்து வைத்தார்கள். இருபது வருடம் அது வைத்த இடத்திலேயே இருந்தது. பிறகு இத்தாலியில் பொலோன்யா நகரத்து லேபில், காய்ந்து போன ஃபிலிமுக்கு ஈரப்பதம் ஏற்றி, உடைந்த துளைகளைக் கையால் ஒட்டி, ஸ்கேன் செய்தார்கள். 'பதேர் பாஞ்சாலி'யில் 40 சதவீதமும், 'அபராஜிதோ'வில் 60 சதவீதத்துக்கு மேலும் அந்தக் கருகிய நெகட்டிவிலிருந்தே மீண்டன. மூன்றாவது படத்தின் நெகட்டிவ் தேறவில்லை, வேறு நகல்களை நாட வேண்டியதாயிற்று. 1993-இல் யாராவது "இது இனி உதவாது" என்று முடிவு கட்டியிருந்தால் 2015-இல் உலகம் அந்தப் படங்களை அந்தத் தெளிவில் பார்த்திருக்காது.

நம் ஊரிலேயே ஓர் உதாரணம் உண்டு. நடனக் கலைஞர் உதய் சங்கர் 1948-இல் வெளியிட்ட 'கல்பனா' நம் ஜெமினி ஸ்டூடியோவில் எடுத்த படம். நம் பத்மினி முதலில் தோன்றிய படம். அதை மீட்டவர்கள் அமெரிக்க இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்சேஸி அமைத்த அறக்கட்டளையும் பொலோன்யாக்காரர்களும். 2012-இல் கான் விழாவில் திரையிட்டார்கள். புனேவில் பாதுகாத்த பிரதிதான் கைகொடுத்தது. சென்னையில் பிறந்த படத்துக்கு உயிர் வந்தது எங்கே பாருங்கள். இத்தனைக்கும் வெளிநாட்டு ஆவணக் காப்பகங்களின் படங்களை வாங்கிச் சுத்தம் செய்து அனுப்பும் அளவுக்குத் தொழில் தெரிந்தவர்கள் இதே சாலிகிராமத்தில் இருக்கிறார்கள்.

மீட்பு என்ற பெயரில் நடக்கும் சில வேலைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மறுவெளியீட்டுக்குக் கூட்டம் வருகிறது. 1964-இல் வந்த 'கர்ணன்' 2012-இல் மீண்டும் வந்து நூறு நாளைத் தாண்டி ஓடியபோது, தியேட்டரில் உட்கார்ந்து கண் கலங்கியவர்களில் நானும் ஒருவன். அதற்குப் பிறகு பலரும் இதில் இறங்கினார்கள், சந்தோஷம். ஆனால் அந்தக் காலத்துச் சதுர வாக்குப் படத்தை அகலத் திரைக்காக மேலும் கீழும் வெட்டுகிறார்கள். ஒளிப்பதிவாளர் பார்த்துப் பார்த்து வைத்த ஃபிரேமில் நாயகியின் கொண்டை போகிறது, பரதம் ஆடும் காட்சியில் பாதம் போகிறது. பாதம் இல்லாமல் என்ன பரதம்? தூசி அகற்றும் மென்பொருளைக் கண்காணிக்காமல் ஓட விட்டால், ஒரே ஒரு ஃபிரேமில் மின்னும் மூக்குத்தியையும் தூசி என்று நினைத்து அழித்துவிடும். மழைத் துளியை அழிக்கும். கிரெய்ன், அதாவது ஃபிலிமுக்கே உரிய பொடித் துகள் தன்மை, முழுவதையும் வழித்து எடுத்தால் முகம் மெழுகு பொம்மை மாதிரி ஆகிவிடும். ஒலியிலும் இதே கதைதான். கரகரப்பை நீக்குகிறேன் என்று பழைய பின்னணி இசையையே தூக்கிவிட்டுப் புதிதாக வாசித்துச் சேர்த்த படங்களைப் பார்த்திருக்கிறேன். அதைச் செய்வதானால் தனிப் பதிப்பாகச் செய்யுங்கள், வெளிப்படையாகச் சொல்லுங்கள். அசல் நெகட்டிவும் சவுண்ட் நெகட்டிவும் பத்திரமாக இருந்தால் எந்தத் தப்பையும் நாளைக்குத் திருத்திக்கொள்ளலாம். இல்லாவிட்டால் அந்த வெட்டுப்பட்ட பதிப்புதான் இனி படம்.

பெட்டி வைத்திருப்பவர்களுக்குச் சில காரியங்கள். மொட்டை மாடிக்குக் கீழுள்ள பரணில் வைக்காதீர்கள், வெயில் இறங்கும். தரையிலும் வைக்காதீர்கள், 2015 வெள்ளம் நமக்கு நினைவிருக்கிறது. வாரம் ஒரு பெட்டியாக எடுத்து, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். வினிகர் வாடை வந்தால், அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த ஃபிலிம் சிதைய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அந்த ஆவி பெட்டிக்குள் அடைபட்டால் சிதைவு இன்னும் வேகமாகும், பக்கத்துப் பெட்டிக்கும் தொற்றும். உடனே தனியே எடுத்து வையுங்கள். பாலிதீன் பையில் சுற்றிக் கட்டாதீர்கள். அசிடேட் நம் அறைச் சூட்டில் 40, 50 வருடம் தாங்கினால் பெரிது. சென்னையின் ஈரத்தில் அதற்கும் முன்பே போகும். அதே ரீலைக் குளிர்ந்த, உலர்ந்த அறையில் வைத்தால் பல நூறு வருடம் இருக்கும். வண்ணப் படமானால் குளிர் இன்னும் முக்கியம். சாயம் வெளுத்து எல்லாம் இளஞ்சிவப்பாகிவிடும். உங்கள் படம் ஐம்பதுகளின் தொடக்கத்துக்கு முந்தியதாக இருந்தால் அது நைட்ரேட் என்ற, எளிதில் தீப்பற்றும் பழைய வகை ஃபிலிமாக இருக்கலாம். அதை வீட்டில் ஒரு நாள்கூட வைக்காதீர்கள். தீப்பிடித்தால் தண்ணீருக்குள்ளும் எரியும். 2003-இல் புனேயிலேயே நைட்ரேட் கிடங்கு எரிந்து ஏராளமான ரீல்கள் சாம்பலாயின. அதனால்தான் எந்தப் படமும் ஒரே ஊரில் ஒரே கிடங்கில் இருக்கக் கூடாது என்கிறேன்.

புனே காப்பகத்தில் கொடுத்தால் உரிமை போய்விடும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. அங்கே பாதுகாப்புக்காக வைக்கலாம், உரிமை உங்களிடமே இருக்கும். இன்னொன்றையும் யோசியுங்கள். காப்புரிமைச் சட்டப்படி படம் வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுதான் உரிமை. கறுப்பு வெள்ளைக் காலப் படங்களில் பெரும்பகுதிக்கு அது முடிந்துவிட்டது, முடியாதவற்றுக்கும் அதிக வருடம் இல்லை. அதன் பிறகு கேசட் நகலை யார் வேண்டுமானாலும் போடலாம். நெகட்டிவ் வைத்திருப்பவரால் மட்டும்தான் நல்ல நகல் தர முடியும். உங்கள் சொத்து அந்தத் துருப்பிடித்த பெட்டிதான்.

என் லேப் மூடும் சமயத்தில் எல்லாத் தயாரிப்பாளர்களுக்கும் கடிதம் போட்டார்கள், வந்து நெகட்டிவை எடுத்துக்கொள்ளுங்கள் என்று. ஒரு கட்டுக் கடிதம் 'விலாசதாரர் இல்லை' என்று திரும்பி வந்தது. சிலருக்கு லேப் பாக்கி இருந்ததால் வரத் தயக்கம். சில நெகட்டிவ் ஃபைனான்சியரிடம் அடகில் இருந்து, யாருடையது என்றே தெரியவில்லை. கடைசி நாள் ஒரு லாரி வந்தது. நான் கையால் ஒட்டிய ரீல்கள் அதில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். யாரையும் குற்றம் சொல்லவில்லை. வைக்க இடம் இல்லை, வாடகை கொடுக்க ஆள் இல்லை.

இடம் இல்லை என்பதுதான் அடிப்படை. பாலு மகேந்திரா தன் படங்களின் நெகட்டிவ் இல்லாமல் போனதைப் பொது மேடைகளில் சொல்லி வருந்தினார். தமிழ்நாட்டுக்கு ஓர் ஆவணக் காப்பகம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே 2014-இல் போய்ச் சேர்ந்தார். இன்னும் வரவில்லை. பூந்தமல்லி பக்கம் நவீனத் திரைப்பட நகரம் கட்டப்போவதாக அரசு அறிவித்திருக்கிறது. உங்கள் சங்கங்கள் அரசைச் சந்திக்கும்போது டிக்கெட் விலை, வரி, மானியம் எல்லாம் பேசுகிறீர்கள். அதோடு இதையும் கேளுங்கள். அந்த நகரத்தில் ஃபிலிமுக்கென்று ஒரு குளிர்க் கிடங்கு வேண்டும். அங்கே யாருடைய நெகட்டிவையும் கட்டணமில்லாமல் வைத்துக்கொள்ள வேண்டும். மின்சாரம் போனால் ஜெனரேட்டர், பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்ற ஆட்கள். தரமணியில் அரசுத் திரைப்படக் கல்லூரி இருக்கிறது, அங்கே இதை ஒரு படிப்பாகச் சொல்லிக் கொடுக்கலாம். ஃபிலிமைக் கையால் தொட்டுப் பழகிய எங்களைப் போன்ற சிலர் இன்னும் இருக்கிறோம், இன்னும் பத்து வருடம் இருப்போமா தெரியாது.

ஒரு புத்தகம் அச்சானால் கன்னிமாரா நூலகத்துக்கு ஒரு பிரதி போக வேண்டும் என்று 1954-லேயே சட்டம் வந்துவிட்டது. படத்துக்கு அப்படி ஒன்று இல்லை. சிறு முதலீட்டுப் படங்களுக்கு அரசு மானியம் கொடுக்கிறது. அந்த மானியம் வாங்கும் படமாவது ஒரு முழுத்தரப் பிரதியைக் காப்பகத்துக்குத் தர வேண்டும் என்று விதி வைக்கலாம். இன்றைய டிஜிட்டல் படங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எடிட்டிங் ரூமில் ஒரு டிஸ்க்கில் கிடக்கும் அவை ஃபிலிமைவிடச் சீக்கிரம் போய்விடும்.

தி. நகர் வீட்டுப் பெட்டிகள் காயலான் கடைக்குப் போகவில்லை. வினிகர் வாடை வந்த இரண்டையும் பிரித்து, மீதியைத் துடைத்து, காற்றுப் போகும் பிளாஸ்டிக் டப்பாக்களுக்கு மாற்றினோம். இப்போது அவருடைய புது ஃபிளாட்டில் ஏ.சி. போட்ட அறையில் இருக்கின்றன. அது தற்காலிக ஏற்பாடு, அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கெட்டுப்போன அந்த இரண்டு ரீலையும் முதலில் ஸ்கேன் செய்யப் பணம் திரட்டிக்கொண்டிருக்கிறார்.

உங்கள் வீட்டிலும் பெட்டி இருந்தால் சங்க அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு வேலை இல்லை. கையுறையும் டப்பாவும் நான் கொண்டு வருகிறேன், பணம் எதுவும் வேண்டாம். நான் வருகிற வரை மோந்து பார்ப்பதோடு நிறுத்துங்கள், ரீலை வெளியே எடுத்து உருட்டிப் பார்க்காதீர்கள். நிழலான இடத்தில், தரையிலிருந்து கொஞ்சம் உயரத்தில், படுக்கை வாட்டத்தில் வைத்திருங்கள், அது போதும்.

அன்புடன்,
ஒரு பழைய நெகட்டிவ் கட்டர்
வடபழனி